மகனின் பாடசாலைக் கட்டணத்துக்கு வற் வரி: தொடர்வதா, மாற்றுவதா?

கேள்வி:

நாங்கள் லண்டன் நியூ மோல்டனில் வசிக்கிறோம். நான் மருந்தாளர். கணவர் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறார். மகன் தனியார் பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறான். மகள் அரச ஆரம்பப் பாடசாலையில் நான்காம் ஆண்டு. 2024 செப்டம்பரில் மகனுக்கு ஒரு தவணைக்கு 6,200 பவுண் கட்டினோம். 2025 ஜனவரியில் வற் வரி (பெறுமதி சேர் வரி) சேர்ந்து 7,440 ஆனது. 2025 செப்டம்பரில் 7,750 ஆக உயர்த்திவிட்டார்கள். அரச பாடசாலைகளுக்கான வரியையும் நாங்கள் கட்டுகிறோம். அங்கே எங்கள் மகனுக்குரிய இடத்தையும் நாங்கள் எடுக்கவில்லை. அப்படியிருக்க, பிள்ளையின் கல்வியை நாங்களே தெரிவு செய்ததற்கு இது தண்டனை இல்லையா? கட்டணத்தில் ஒரு பகுதியை நன்கொடையாகக் கொடுக்கலாம், அல்லது தன் கடையின் கம்பனி மூலம் கட்டலாம் என்கிறார் என் மைத்துனர். எங்களோடு இருக்கும் அப்பா தன் ஓய்வூதியத்திலிருந்து உதவுவதாகச் சொல்கிறார். மகனை அரச பாடசாலைக்கு மாற்றிவிடலாமா என்று இரவு பகலாக யோசிக்கிறோம். வழி சொல்லுங்கள்.

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த வரி நியாயமா என்பது ஒன்று. உங்கள் மகன் வரும் செப்டம்பரில் எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு என்ன பதில் வந்தாலும் இரண்டாவதன் பதில் மாறப்போவதில்லை. வரியின் மீது வந்த கோபத்தில் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுத்த பெற்றோரையும், அதே கோபத்தில் “விட்டுக்கொடுக்க மாட்டோம்” என்று கடன் வாங்கிக் கட்டும் பெற்றோரையும் என் அலுவலகத்தில் பார்க்கிறேன். இரு தரப்பினரும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதைவிட அரசாங்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நீங்கள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். ஆனாலும் நீங்கள் நியாயத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வற் வரி இந்த நாட்டில் 1973 ஏப்ரல் 1ஆம் திகதி அறிமுகமானபோதே பாடசாலைக் கல்விக்கு விலக்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை அந்த விலக்கை நீக்கவும் முடியாது. ஒன்றியத்தின் வற் சட்டமே பாடசாலைக் கல்விக்கு விலக்களிக்கச் சொல்கிறது. கிரேக்கம் 2015இல் நிதி நெருக்கடியின்போது தனியார் கல்விக்கு 23 சதவீத வரி கொண்டுவந்து, அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னர்தான் இங்கே அந்தக் கதவு திறந்தது. 2024 ஜூலைத் தேர்தலில் வென்ற தொழிற்கட்சி அந்த மாதம் 29ஆம் திகதியே திட்டத்தை வெளியிட்டது. அன்றிலிருந்து, 2025 ஜனவரியிலும் அதற்குப் பின்னரும் தொடங்கும் தவணைகளுக்காகக் கட்டப்படும் பணத்துக்கு 20 சதவீத வரி. முன்கூட்டியே கட்டித் தப்பிக்கும் வழியையும் அதே நாளில் அடைத்துவிட்டார்கள்.

உலகம் முழுவதும் கல்விக்கு வரி இல்லை, இங்கே மட்டும்தான் இந்த அநியாயம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லப்படுவது சரியல்ல. நியூசிலாந்தில் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 15 சதவீதப் பொருள் சேவை வரி உண்டு. பக்கத்து நாடான அவுஸ்திரேலியாவிலோ கட்டணத்துக்கு வரி இல்லை. தனியார் பாடசாலைகளுக்கு அரசே நிதியும் கொடுக்கிறது. இரண்டும் ஜனநாயக நாடுகள்தாம். தனியார் கல்விக்கு வரி போடுவதா, உதவி செய்வதா, கண்டும் காணாமல் விடுவதா என்பதை ஒவ்வொரு நாட்டின் பாராளுமன்றமும் தன் அரசியலின்படி முடிவு செய்கிறது.

தெரிவு செய்யும் உரிமை பறிபோகிறது என்ற வாதம் இங்கே நீதிமன்றம் வரை போனது. சிறிய சமயப் பாடசாலைகளும், விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களும், வேறு பெற்றோரும் தொடுத்த வழக்கை மேல் நீதிமன்றம் 2025 ஜூன் மாதம் தள்ளுபடி செய்தது. மனித உரிமைச் சட்டம், தனியார் பாடசாலை நடத்தவும் அதில் பிள்ளைகளைச் சேர்க்கவும் உள்ள சுதந்திரத்தைக் காக்கிறது; அந்தச் சுதந்திரத்தின் செலவைக் குறைத்துக் கொடுக்கும் கடமையை அரசின் மீது சுமத்தவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். வரிக் கொள்கையில் பாராளுமன்றத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டு என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஆகவே சட்டத்தின் பார்வையில் உங்கள் தெரிவு அப்படியே இருக்கிறது. உங்கள் பணப்பை அப்படியே இல்லை.

“ஏற்கெனவே வரி கட்டுகிறோமே” என்ற ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கட்டும் வருமான வரி, மகனுக்கென ஓர் இருக்கையை வாங்குவதற்கான விலை அல்ல. பிள்ளையே இல்லாதவர்களும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட உங்கள் அப்பாவும் அதைக் கட்டுகிறார்கள். நாம் பிறந்த இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். நம்மில் பெரும்பாலானோர் அந்தப் பாடசாலைகளில் படித்துத்தான் மருந்தாளராகவும் கணக்காளராகவும் இங்கே வந்து சேர்ந்தோம். அதற்கு வரி கட்டியவர்களில் பிள்ளை இல்லாத எத்தனையோ விவசாயிகள் இருந்திருப்பார்கள். இதை உங்கள் மனதை நோகடிக்கச் சொல்லவில்லை. “இருமுறை வரி” என்ற வாதம் பார்ப்பதற்கு வலுவாகத் தெரிந்தாலும் கணக்கில் நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் சொந்தக் கருத்தையும் மறைக்க விரும்பவில்லை. கொள்கை அளவில் இந்த வரியை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் இரண்டு விடயங்கள் என்னை இன்னமும் வருத்துகின்றன. ஒன்று, கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில் தொடங்கியது. பிள்ளைகள் பாதி ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போது, பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் கவுன்சில்களுக்கும் ஐந்தே மாத அவகாசம் கொடுத்து இதைச் செய்திருக்கவே கூடாது. செப்டம்பர் வரை பொறுத்திருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது.

மற்றது இதைவிடப் பெரியது. விசேட தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு கவுன்சில் வழங்கும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தில், அதாவது எல்லோரும் இ.எச்.சி.பி. என்று சொல்லும் ஆவணத்தில், ஒரு தனியார் பாடசாலை பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால் கட்டணத்தை கவுன்சிலே கட்டுகிறது. வற் வரியையும் மீளப் பெற்றுக்கொள்கிறது. அந்த ஆவணம் கிடைக்காத பிள்ளையின் பெற்றோர் முழு வரியையும் தாங்களே கட்ட வேண்டும். அந்த ஆவணத்தை 20 வாரங்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல கவுன்சில்களில் அந்தக் கெடு தாண்டிப் போகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை முப்பது பேர் வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியாமல் வீட்டிலேயே முடங்கிப்போக, வேறு வழியின்றிச் சிறிய தனியார் பாடசாலை ஒன்றில் சேர்த்த குடும்பங்கள் நம் சமூகத்திலும் இருக்கின்றன. அவர்களுடையது வசதியால் வந்த தெரிவு அல்ல. அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்க வேண்டும். இதை வாசிப்பவர்களில் அந்த நிலையில் யாராவது இருந்தால், கவுன்சிலுக்கு எழுத்து மூலம் மதிப்பீடு கோரி இன்றே விண்ணப்பியுங்கள். பாடசாலை செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். பெற்றோரே நேரடியாகக் கேட்கலாம்.

ஆசிரியர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வரிப் பணத்தில் 6,500 புதிய ஆசிரியர்கள் என்று தேர்தலில் சொன்னார்கள். வற் வரி பொதுக் கருவூலத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே எந்தப் பவுணிலும் “ஆசிரியருக்கு” என்று எழுதியிருக்காது. 2025-26இல் சுமார் 150 கோடி பவுண் கிடைக்கும் என்றும், நீண்ட காலத்தில் 37,000 மாணவர்கள் தனியார் பாடசாலைகளில் குறைவார்கள் என்றும் அரசே மதிப்பிட்டது. மாணவர்கள் வெள்ளமாக வெளியேறி அரச பாடசாலைகள் நிரம்பி வழியும் என்ற அச்சமும், யாருமே வெளியேற மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் இரண்டும் மிகைதான். லண்டனில் பிறப்பு எண்ணிக்கை குறைந்து ஆரம்பப் பாடசாலைகள் இணைக்கப்படுகின்றன, சில மூடப்படுகின்றன. இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையின் குறிப்பிட்ட வகுப்புதான் பதில் சொல்ல முடியும். நாடளாவிய எண்கள் சொல்லாது.

இனி உங்கள் கட்டணச் சீட்டுக்கு வருவோம். 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 18,600 பவுண். இப்போது 23,250. உயர்வு 4,650. இதில் வற் வரி 3,875; மிச்சம் 775 பாடசாலை தன் அடிப்படைக் கட்டணத்தில் கூட்டியது. உங்கள் கணவரின் சம்பளத்தின் மேற்பகுதி 40 சதவீத வருமான வரிக்குள் வருமானால், தேசியக் காப்புறுதி 2 சதவீதமும் சேர்த்து, கையில் 58 பென்ஸ் வர ஒரு பவுண் உழைக்க வேண்டும். அந்தக் கணக்கில் 4,650 பவுண் உயர்வைச் சமாளிக்க 8,000 பவுணுக்குச் சற்று அதிகமான சம்பள உயர்வு தேவை. மொத்தக் கட்டணத்துக்கு 40,000 பவுண் சம்பளம். “மாதம் முந்நூற்றுச் சொச்சம்தானே கூடுகிறது” என்று சிலர் சொல்வார்கள். வரி கழித்த பின் கையில் வரும் பணத்தில் அது எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மைப் பாரம் தெரியும். கணவரின் வருமானம் 100,000 பவுணைத் தாண்டுமானால் தனிநபர் வரி விலக்குத் தொகையும் தேயத் தொடங்கும். அப்போது பாரம் இன்னும் கூடும்.

பாடசாலை முழு 20 சதவீதத்தையும் உங்கள் மீது வைத்தது சரிதானா? அடிப்படைக் கட்டணம் ஒரு பென்ஸும் குறையாமல் அப்படியே நின்று அதன் மேல் 20 சதவீதம் ஏறியிருக்கிறது. விலக்கு இருந்த காலத்தில் பாடசாலைகள் தாங்கள் வாங்கும் பொருளுக்கும் திருத்த வேலைக்கும் கட்டிய வற் வரியை மீளப் பெற முடியாது. இப்போது முடியும். 100 பவுண் கட்டணத்தில் 3 பவுண் அப்படி மீளக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை 97 பவுணுக்கு வரி போட்டால் உங்களுக்கு 116 பவுண் 40 பென்ஸ் வரும், 120 அல்ல. நிதிக் கற்கைகள் நிறுவனம் (ஐ.எஃப்.எஸ்.) என்ற ஆய்வு அமைப்பும் 2023இல் இந்த நிகர விளைவைச் சுமார் 15 சதவீதம் என்றே கணித்தது. கடந்த பத்து ஆண்டுகளில் 250,000 பவுணுக்கு மேல் செலவழித்துப் புதிய ஆய்வுகூடமோ நீச்சல் தடாகமோ கட்டியிருந்தால், அந்தக் கட்டட வரியில் ஒரு பகுதியையும் பாடசாலை ஆண்டுக்காண்டு மீட்டுக்கொள்ளலாம்.

மறுபுறம், பாடசாலைக்கும் செலவு ஏறியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் வேலைகொடுப்போரின் தேசியக் காப்புறுதி 15 சதவீதமானது. இங்கிலாந்தில் அறக்கட்டளையாக இயங்கும் தனியார் பாடசாலைகளுக்கு இருந்த 80 சதவீத வணிகச் சொத்துவரிச் சலுகையும் அதே மாதம் போய்விட்டது. ஆகவே சண்டைக்குப் போகாமல், நிதிப் பொறுப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். தாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டி மீளப் பெறும் வற் வரி, அதாவது உள்ளீட்டு வரி எவ்வளவு, அது கட்டணத்தில் எப்படிப் பிரதிபலிக்கிறது, அடுத்த ஆண்டு உயர்வு என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். கட்டண உதவி நிதி இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பாடசாலை தானே கட்டணத்தைக் குறைத்தால், குறைத்த பின் எஞ்சும் தொகைக்கு மட்டுமே வற் வரி வரும். 3,000 பவுண் சலுகை உங்களுக்கு 3,600 பவுண் மிச்சம். நம்மவர்கள் பலர் இதைக் கேட்பதையே கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அந்த நிதி கேட்பவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சீட்டில் உணவு, பாடசாலை பஸ், பாடப் புத்தகம் ஆகியவை தனித்தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அவற்றுக்கு 20 சதவீதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்வியோடு நெருங்கிய தொடர்புள்ள அத்தகைய சேவைகள் பொதுவாக வரிக்குள் வராது. விடுதிக் கட்டணம் மட்டும் வரும்.

மைத்துனரின் யோசனைகளைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இரண்டையும் செய்யாதீர்கள். கட்டணத்தைக் குறைத்து மிச்சத்தை “நன்கொடை” என்று எழுதினால், அந்த நன்கொடை இல்லாவிட்டால் பிள்ளைக்கு இடம் இல்லை என்ற நிலை இருக்கும்வரை அது கட்டணமே. அதற்கு வற் வரியும் உண்டு. அறக்கொடைகளுக்கு அரசு தரும் கிஃப்ட் எய்ட் வரிச் சலுகை கிடையாது. நல்ல பாடசாலை எதுவும் இதற்கு உடன்படாது. கம்பனி வழி இன்னும் மோசமானது. பாடசாலையோடு ஒப்பந்தம் செய்தவர்கள் நீங்கள். அந்தக் கடனைக் கடையின் கம்பனி அடைத்தால், உங்களில் ஒருவர் அங்கே வேலை செய்வதாக இருந்தாலும் அது சம்பளமாகக் கருதப்பட்டு வருமான வரியும் தேசியக் காப்புறுதியும் விழும். யாருமே வேலை செய்யாவிட்டால், மைத்துனர் தன் கம்பனிப் பணத்தை எடுத்து உங்களுக்குக் கொடுத்ததாகப் பார்க்கப்பட்டு அவர் தலையில் வரி வந்து விழும். கட்டணத்தில் உள்ள வற் வரியைக் கடைக் கணக்கில் மீளக் கேட்கவும் முடியாது. அது வியாபாரச் செலவே அல்ல. தெரிந்தே தவறான கணக்குக் கொடுத்தால் வரியில் 70 சதவீதம் வரையும், அதை மறைக்க ஏற்பாடும் செய்திருந்தால் 100 சதவீதம் வரையும் தண்டம் விதிக்க வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்கு அதிகாரம் உண்டு. அவர் உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மாட்டிக்கொண்டால் கடையும் சேர்ந்து மாட்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்பாவின் உதவி வேறு விதம். அது முற்றிலும் நேர்மையான வழி, சற்றுத் திட்டமிட்டால் பயனும் உண்டு. எவரும் ஆண்டுக்கு 3,000 பவுண் வரை கொடுப்பது மரபுரிமை வரிக் கணக்கில் சேராது. அதற்கு மேலும், தன் வழக்கமான வருமானத்தில் மிஞ்சுவதிலிருந்து, தன் வாழ்க்கைத் தரம் குறையாமல், ஒழுங்காகத் திரும்பத் திரும்பக் கொடுப்பாரானால் அதற்கும் விலக்கு உண்டு. கொடுத்தவர் அதன் பின் ஏழு ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சேமிப்பை உடைத்து ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பது இந்த விலக்குக்குள் வராது. ஓய்வூதியம் மாதம் எவ்வளவு வருகிறது, செலவு எவ்வளவு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு கொப்பியில் ஆண்டுதோறும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் கேள்வி வந்தால் அந்தக் கொப்பிதான் ஆதாரம்.

இப்போது மகன். ஒன்பதாம் ஆண்டில் இருப்பதால் உங்களுக்கு இரண்டே நல்ல இடைவெளிகள் உண்டு. ஒன்று, வரும் செப்டம்பர், பத்தாம் ஆண்டின் தொடக்கம். அடுத்தது, பதினோராம் ஆண்டின் முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைகள் முடிந்து பன்னிரண்டாம் ஆண்டுக்குப் போகும் நேரம். இவற்றுக்கு நடுவில், பத்தாம் ஆண்டு பாதியிலோ பதினோராம் ஆண்டிலோ மாற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாடத்திட்டம், பரீட்சைச் சபை, தெரிவுப் பாடங்கள் எல்லாம் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். தனியார் பாடசாலைகள் பல சர்வதேச ஜி.சி.எஸ்.ஈ. நடத்துகின்றன, அரச பாடசாலைகள் அநேகமாக வழக்கமான ஜி.சி.எஸ்.ஈ.தான். சில பாடசாலைகள் ஒன்பதாம் ஆண்டிலேயே அந்தப் பாடத்திட்டத்தைத் தொடங்கிவிடுகின்றன. மகன் இந்தப் பருவத்தில் தெரிவுப் பாடங்களைக் குறித்துக் கொடுத்திருப்பான். அந்தப் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் பரீட்சைச் சபையையும் எழுதி எடுத்துக்கொண்டு, நீங்கள் நினைக்கும் அரச பாடசாலையில் அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவன் விரும்பும் பாடம் அங்கே இல்லையென்றால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவனோடு பேச வேண்டும்.

பணக் கணக்கில் இந்த இரண்டு இடைவெளிகளும் எப்படி இருக்கின்றன? இன்றைய கட்டணத்தில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கு 46,500 பவுண். ஏ லெவல் வரை போனால் இன்னொரு 46,500. உங்கள் சேமிப்பைத் தொடாமல், வீட்டுக் கடனைக் கூட்டாமல் முதல் 46,500 பவுணைக் கட்ட முடியுமானால், ஜி.சி.எஸ்.ஈ. வரை அங்கேயே வைத்துவிட்டு, பதினாறு வயதில் ஏ லெவல் கற்பிக்கும் அரச ஆறாம் படிவக் கல்லூரிக்கோ, வெளியிலிருந்து மாணவர்களைச் சேர்க்கும் கிராமர் பாடசாலைக்கோ (தகுதி பார்த்துச் சேர்க்கும் அரச பாடசாலை) மாற்றுவதே என் பரிந்துரை. உங்கள் பகுதியில் நல்ல ஆறாம் படிவங்கள் இருக்கின்றன. அந்த வயதில் மாற்றம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பாக நடக்கிறது. யாரும் “ஏன் விட்டு வந்தாய்” என்று கேட்க மாட்டார்கள். ஆனால் கடன் அட்டையில் தவணை கட்டும் நிலை வந்திருந்தால், இந்தச் செப்டம்பரிலேயே மாற்றுங்கள். கடனில் படிக்கும் பாடசாலை எவ்வளவு நல்லதானாலும், வீட்டில் பணம் பற்றிய வாக்குவாதம் பிள்ளையின் காதில் தினமும் விழுமானால் அதன் விலையும் கணக்கில் வர வேண்டும்.

இந்தச் செப்டம்பரில் மாற்றுவதானால் ஒரு பொறி இருக்கிறது. பலர் இதில் பணம் இழக்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். தனியார் பாடசாலை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு முழுத் தவணை முன்னறிவிப்புக் கேட்கும். ஜூலையில் விலக வேண்டுமானால், ஈஸ்டர் விடுமுறை முடிந்து கோடைத் தவணை தொடங்கும் முதல் நாளுக்கு முன் உங்கள் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்த தவணைக் கட்டணத்தைக் கேட்கலாம். மறுபுறம், அரச பாடசாலையில் ஆண்டு நடுவில் சேரும் விண்ணப்பங்களை மாதக்கணக்கில் முன்கூட்டியே ஏற்பதில்லை. விண்ணப்பித்தால் 15 பாடசாலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சேர்க்கை விதி. இடம் கொடுத்தால் விரைவில் சேரச் சொல்வார்கள். ஆக, ஏப்ரலில் இங்கே விலகுவதாகச் சொல்ல வேண்டும். செப்டம்பருக்கான இடம் அங்கே உறுதியாவது பெரும்பாலும் ஜூனிலோ ஜூலையிலோதான்.

இதைச் சமாளிக்க மூன்று காரியங்களை இந்த மாதமே செய்யலாம். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து முன்னறிவிப்புப் பகுதியை வரி வரியாக வாசியுங்கள். பின்னர் மீளப் பெறக்கூடிய தற்காலிக முன்னறிவிப்பை ஏற்கும் பாடசாலைகளும் உண்டு, உங்களுடையது ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பகுதிக்குரிய கிங்ஸ்டன் கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவை அழைத்து, எந்தெந்தப் பாடசாலையில் இப்போது ஒன்பதாம் ஆண்டில் வெற்றிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பக்கத்துக் கவுன்சில்களான மேர்ட்டனையும் சட்டனையும் கேளுங்கள். பிள்ளைகள் எல்லை தாண்டிப் படிக்கலாம். கிராமர் பாடசாலைகளில் இடையில் வெற்றிடம் வந்தால் தனிப் பரீட்சை வைத்து எடுப்பதுண்டு. அதற்கான காத்திருப்புப் பட்டியல் பற்றி அந்தந்தப் பாடசாலையிடமே விசாரியுங்கள். இவ்வளவும் செய்தும் ஏப்ரலுக்குள் உறுதி கிடைக்காவிட்டால், நீங்கள் இழக்கக்கூடியது ஒரு தவணைக் கட்டணம், ஏறக்குறைய 7,750 பவுண். மாற்றுவதென்று மனதால் முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் இரண்டு ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிடும்போது அது தாங்கக்கூடிய இழப்பு. அரைமனதோடு இருந்தால் முன்னறிவிப்புக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கும்போது அவன் இடம் வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

மகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தின் பெரிய பணம் அங்கேதான் தீர்மானமாகும். அண்ணன் தனியார் பாடசாலையில் படிக்கிறான் என்பதற்காக அவளுக்கும் அதேதான் என்று இப்போதே மனதில் முடிவு செய்யாதீர்கள். எங்கும் பதிவு வைப்புத் தொகையும் கட்டாதீர்கள். கிராமர் பாடசாலைப் பரீட்சைகள் ஆறாம் ஆண்டின் தொடக்கத்திலேயே நடக்கும், பதிவு அதற்கு முந்தைய கோடையில் முடிந்துவிடும். ஆகவே உங்களுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. இரண்டாம் நிலைப் பாடசாலைக்கான பொது விண்ணப்பத்தை அக்டோபர் 31க்குள் கொடுக்க வேண்டும், முடிவு மார்ச் 1இல் வரும். லண்டனில் ஆறு பாடசாலைகள் வரை எழுதலாம். நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பாடசாலைகளுக்குத் தெரியாது. அதனால் உண்மையாக விரும்பும் வரிசையில் எழுதுங்கள், தூரத்தின்படி நிச்சயமாகக் கிடைக்கும் ஒரு பாடசாலையையும் பட்டியலில் வையுங்கள். அதை விட்டுவிட்டு ஆறும் கிராமராக எழுதிய பெற்றோர், மார்ச்சில் தங்களுக்கு அறிமுகமே இல்லாத பாடசாலைக்கு ஒதுக்கப்பட்டு அதிர்ச்சியில் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு ஓடுகிறார்கள்.

அவளுக்கு ரியூசன் வைப்பதானால், பாடசாலைகளில் வழக்கமாகக் கற்பிக்கப்படும் பாடத்தைத் தனி ஆசிரியர் ஒருவர் தன் பொறுப்பில் கற்பிப்பதற்கு வற் வரி இல்லை. அந்த விலக்கு அப்படியே தொடர்கிறது. ஆசிரியர்களை வேலைக்கு வைத்து நடத்தும் ரியூசன் நிலையத்தின் விற்பனை ஆண்டுக்கு 90,000 பவுணைத் தாண்டினால் அங்கே வரி வரலாம். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்கும் இந்தப் புதிய வரிக்கும் தொடர்பில்லை. முழுநேரக் கல்வி கொடுக்கும் பாடசாலைகளுக்கே சட்டம் பொருந்தும். உங்கள் பாடசாலைப் பொறுப்பாளர் யாராவது பதறினால் அதைச் சொல்லுங்கள்.

கோடைத் தவணை தொடங்குவதற்கு முன், நிதிப் பொறுப்பாளருக்கான கடிதத்தையும் கவுன்சிலுக்கான அழைப்பையும் முடித்துவிடுங்கள். முன்னறிவிப்புக் கொடுப்பதென்று தீர்மானித்தால் மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்ததாகப் பதில் வரும்வரை விடாதீர்கள். ஒப்பந்தத்தின் முன்னறிவிப்புப் பகுதியில் ஏதாவது புரியாவிட்டால் பாடசாலையின் பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.